பல்லில் பறி, காதில் கதை

லோகாம்பாளுக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். படிக்கத்தான் நேரம் ஏது? விடிந்தால் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்க வேண்டும். வீடு திரும்பினால் அடுப்பு. அதனால் இளைய ஓரகத்தி சரோஜாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டாள். லோகாம்பாள் முழங்கால் தண்ணீரில் நின்று உரக்க வாசிப்பாள். சரோஜா தவழ்ந்து தவழ்ந்து இருவருக்குமாக இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருப்பதால் அவள் குறுக்கே பேசவும் முடியாது. லோகாம்பாளுக்கு அது பரம சுகம்.

இன்று கொலைகாரன் யாரென்று வாசித்ததுதான் தாமதம்.

"அடப்பாவி, மாப்ளயா!" என்று சரோஜா வாயைப் பிளந்தாள். பறி கவிழ்ந்தது. காலையெல்லாம் பிடித்த இறால் துள்ளிக்கொண்டு ஓடியது. லோகாம்பாள் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அள்ளப் பாய்ந்தாள்.

"எறா கெடக்குது, வுடுக்கா! இன்னாத்துக்குக் கொன்னானாம்? அத்தப் படி!"