நோரா ஆன்ட்டி பந்தடித்த சுவர்

"செவ்வாய், மழை. நோரா ஆன்ட்டி வந்தார்" என்கிறது என் ஆறாம் வகுப்பு நோட்டு. இன்று கலிபோர்னியாவின் பிளசன்டனில் மகளின் ஹாக்கி மட்டைக்குக் கிரிப் சுற்றியபோது எழுந்த ரப்பர் வாசனை, நியூஜெர்சியில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் நின்று, பிறகு இடிக்கப்பட்ட கிடங்குச் சுவரை நினைவூட்டியது. அப்போது எங்கள் அபார்ட்மென்ட்டில் தங்கியிருந்த, அயர்லாந்து ஹாக்கி அணியின் நோரா, முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் அணியில் மீண்டும் இடம்பிடிப்பதற்காக, தினமும் காலையில், சுவரில் சாக்பீஸால் வரைந்த அதே வட்டத்துக்குள் பந்தடிப்பார். அந்த 'டொக்' கேட்டுத்தான் அம்மா இட்லி வைப்பாள்.

"ஸ்னோலயும் வந்துட்டா பாரு, நீ இன்னும் பெட்லயே இரு!"

நோரா அயர்லாந்து திரும்பிய மறு ஆண்டின், இணையத்தில் கிடைத்த அணிப் பட்டியலில் அவருடைய குடும்பப்பெயர் இருக்கிறது. முதல் பெயருக்கு ஓரெழுத்து மட்டும், அதுவும் பொருந்துகிறது.

"அவளேதான்டி, வேற யாரு?" என்கிறாள் அம்மா.

நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.