குங்குமம் சிந்திய அரக்குப் புடவை

அம்மன் தாயை நம்பி வந்திருக்கும் சகோதரிகளே, போன ஆடி மாதம் நான் செத்துப்போகலாமா என்று நினைத்தேன். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஓவியம் படித்தவள். பதினோரு வருஷம் வரைந்தேன். கண்காட்சி வைத்தேன். வந்தவர்கள் டீ குடித்தார்கள், "நல்லா இருக்கு" என்றார்கள், போய்விட்டார்கள். கடைசியில் என் படங்களை மாட்டியிருந்த கூடத்தையும் மூடிவிட்டார்கள். படங்களைச் சுருட்டி, வெள்ளானூர் வீட்டுப் பரணில் போட்டேன். குமணன்சாவடியில், ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். படம் எடுப்பது, விற்பனைத் தளத்தில் ஏற்றுவது, ஆர்டர், பேக்கிங் எல்லாம் என் பொறுப்பு. மேனேஜர் என்று பெயர். வீட்டுக்கு வந்தால் தூரிகையைப் பார்க்கவே பிடிக்காது.

ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் புடவைகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரே புகார்தான். படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம். பேக்கிங் செய்யும் செல்வி அக்கா வாசலிலிருந்தே கத்துவார்.

"இன்னாம்மா, இன்னிக்கும் மூட்ட வந்துகீது!"

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் வேலை எம்மாத்திரம்? திரும்பி வருவது மாதக் கடைசிக்குள் குறையாவிட்டால் தளக்காரர்கள் நம் விற்பனைப் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள், அப்புறம் யாருக்கும் இங்கே வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். ஓவியக்காரி புத்தி! அரக்குப் புடவை திரையில் மங்கலாகத் தெரிந்தால் என் கண் பொறுக்காது. கொஞ்சம் சிவப்பைக் கூட்டுவேன். மயில்கழுத்துக்கு நீலம் ஏற்றுவேன். புரிந்ததும் நிறுத்திவிட்டேன். அப்போதும் ஒவ்வொரு செல்போனிலும் ஒவ்வொரு நிறம். மூட்டை நிற்கவில்லை. எனக்குத் தெரிந்தது நிறம் ஒன்றுதான். அதிலும் தோற்றேன்.

மூன்றாவது வெள்ளி செல்வி அக்கா என்னை அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போனார். கூழ் வார்க்கும் கூட்டம். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

"அம்மா, படம் வரையறதையும் எடுத்துக்கிட்ட. இதையும் எடுத்துக்காத. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கண்ணைத் துடைக்கப் போனதில், பூசாரி தந்த குங்குமம் மடியில் சிந்தியது. நான் கட்டியிருந்தது, திரும்பி வந்த அரக்குப் புடவைகளில் ஒன்று. தட்டப் போனேன். செல்வி அக்கா கையைப் பிடித்தார்.

"தட்டாதம்மா. குங்குமத்துக்குப் பக்கத்துல பாத்தாதான் இது அரக்குன்னு கரீட்டா தெரியுது."

உடம்பெல்லாம் சிலிர்த்தது. குங்குமம் தெரியாத பெண் யார்? மறுநாள் முதல் ஒவ்வொரு புடவையோடும் திறந்த குங்குமச் சிமிழும் ஒரு மஞ்சள் கிழங்கும் வைத்துப் படம் எடுத்தேன். செல்போன் எப்படிக் காட்டினாலும், புடவை குங்குமத்தைவிட எவ்வளவு கருமை என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். மூட்டை இளைத்தது. மாதக் கடைசியில் ஒரு நாள் வரவே இல்லை. எங்கள் பக்கம் பிழைத்தது. எல்லோருடைய வேலையும் பிழைத்தது.

நான் மறுபடி ஓவியர் ஆகவில்லை. அந்தத் துக்கம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாக நினைப்பதில்லை. உங்களில் யாருக்காவது அந்த நினைப்பு இருந்தால், ஒழுங்காக வேண்டிக்கொள்ளத் தெரியாதே என்று தயங்காதீர்கள். வெள்ளிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வாருங்கள். வந்து அழுங்கள். தாய் கேட்பாள். நீங்கள் அழுது முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.