ஏழுமலை மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை

கல்யாணம் ஆயிடுச்சு என்று நிரூபிக்க ஒரு போட்டோ போதும். ஆகவில்லை என்று நிரூபிக்க மூன்று ஆபீஸ், இரண்டு தேசம், ஒரு பெரியப்பா வேண்டும். தொழிலில் நான் லிப்ட் மெக்கானிக். பிறந்தது கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், பிழைப்பது ஜெர்மனியில். ஆனால் போன வருஷம் நான்கு மாதம் நான் பார்த்த முழுநேர வேலை, 'எனக்குக் கல்யாணம் ஆகலீங்க' என்று கண்ட கண்ட கவுன்டரில் போய்ச் சொல்வதுதான். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கல்யாணம் பண்ணத் துணிந்திருக்கும் சகோதர சகோதரிகளே, இந்த வேலையில் சம்பளம் கிடையாது, வாரலீவு கிடையாது. நான் பட்டதை நீங்களும் படுவீர்கள். கொஞ்சம் சிரித்துவிட்டாவது படுங்கள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த இல்லத்து லிப்ட் நடுவழியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவளை நான்தான் திறந்து வெளியே விட்டேன். அன்றைக்கே ரிப்பேர் முடிந்துவிட்டது. இருந்தாலும் மூன்று வாரம் விடாமல் 'செக்கிங்' போனேன். அப்படி ஒரு நல்ல லிப்டை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

கல்யாணப் பதிவு ஆபீஸில் தேதி வாங்கிவிட்டோம். தர்ஷினியின் அம்மா மூன்று மாத விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தும்விட்டார். மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் அவர் திரும்பிப் போனால், இன்னொரு தரம் விசா கிடைக்கும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. பதிவு ஆபீஸில் கேட்டதோ, எனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு சர்ட்டிபிகேட். அது இல்லாவிட்டால் தேதி போய்விடும்.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நம்ம கான்சுலேட்டுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, நம்ம தமிழ்க்காரர்தான். சொந்த ஊர் தாலுகா ஆபீஸில் விசாரித்துக் கொடுக்கிற பேப்பர் முதலில் வேண்டும், அதன்மேல் வெளிநாட்டுக்குச் செல்லும்படி அபோஸ்டில் முத்திரை வேண்டும் என்றார். "மேடம், முப்பத்தாறு வயசு ஆச்சு. என்னைப் பார்த்தாலே தெரியலையா?" என்று கேட்டேன். மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். "பார்த்தா நல்லாவே தெரியுது தம்பி. ஆனா அதை ஸ்டாம்ப் பேப்பர்ல எழுத முடியாதே."

எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம்

மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். தாலுகா ஆபீஸ் வாசலில், மரத்தடியில் பாரம் எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். "குடுங்க சார், எழுதித் தர்றேன்" என்று கை நீட்டினார். நான் ஜெர்மன் பாஷையில் இன்கம்டாக்ஸ் பாரம் நிரப்புகிறவன். என்னிடமா! ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அவர் பேனாவையே வாங்கிப் பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். பெயர், கோவிந்தராஜ். தகப்பனார் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஏழுமலை.

அவர் எட்டிப் பார்த்தார். "பேப்பர்ல கீற அப்பா பேரும் வீட்ல கீற அப்பாவும் ஒண்ணுதான சார்? இது கேஜிஎஃப். ஒருவாட்டி நல்லா பாத்துக்குங்க."

பெரியவள் நன்றாகப் படிக்கிறாள்

எட்டாம் நாள் கூப்பிட்டார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர், நம்ம ஊரில் இருந்து இருந்து தமிழ் பழகியவர். பைலைத் திறந்தார். "மதுவெ ஆகிதே சார். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மனுஷன் ஒழுங்காகத்தான் விசாரித்திருக்கிறார். நந்திதுர்க்கில், சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் போய் 'ஏழுமலை வீடு எது?' என்று கேட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில், 'ஏழுமலை இங்க இல்லீங்க, பூதிகோட்டையில தக்காளி போட்டுக்கினு கீறாரு' என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். பூதிகோட்டையில் ஆள் விட்டுக் கேட்டால் ஏழுமலை இருக்கிறார். அவருக்குக் கோவிந்தராஜ் என்று மகன் இருக்கிறான். கோவிந்தராஜுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். எல்லாம் சத்தியம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

இன்ஸ்பெக்டர் பைலை மூடிவிட்டு, தம்பிக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "பெரியவ ரொம்ப நல்லா படிக்கறாளாம் சார். இன்னாத்துக்கு உங்களுக்கு இன்னொரு மதுவெ?"

கேஜில் ஏறிய தம்பி

விஷயம் இதுதான். என்னைப் பெற்ற நைனாவின் பெயர் தட்சிணாமூர்த்தி. ஏழுமலை அவருடைய அண்ணன், என் பெரிப்பா. தாத்தாவுக்கு அப்புறம் சுரங்க வேலை மூத்த மகன் பெரிப்பாவுக்கு வந்தது. முதல் நாள், ஆளைக் கீழே இறக்குகிற கேஜில் ஏற்றினார்கள். பெரிப்பா குனிந்து ஒரு பார்வை பார்த்தார். பாதாளம். குதித்து வெளியே வந்தவர், பூதிகோட்டையில் மாமன் நிலத்துக்குப் போய்த்தான் நின்றார். வந்த வேலையை விடுவதா? அடுத்த ஷிப்டுக்கு அண்ணன் பேர் போட்ட வேலை டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நைனா போனார். ஆஜர் எடுக்கிற டைம் ஆபீஸில் "ஏழுமலை!" என்று கூப்பிட்டார்கள். நைனா "எஸ் சார்!" என்றார். சுரங்கம் மூடுகிற வரைக்கும், இருபது வருஷத்துக்கு மேல், தினமும் அப்படியே சொன்னார்.

நான் பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரியில். அதனால் ஏழுமலை மகன். ஸ்கூலும் பாஸ்போர்ட்டும் அதே வழியில் வந்தன. அண்ணன் தம்பி இரண்டு பேரும் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். அவன் பெரிய கோவிந்து, நான் சின்ன கோவிந்து. லைனில் இது யாருக்கும் ரகசியமில்லை. எனக்கும் பால்குடி நாளிலிருந்து தெரியும். தெரிந்தும் அந்தப் பாரத்தை அப்படி எழுதினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

'நான்தான் தட்சிணாமூர்த்தி, அண்ணன் பேரில் வேலை பார்த்தேன்' என்று நைனா ஒரு அபிடவிட் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் இன்ஸ்பெக்டர். வீட்டில் வந்து சொன்னேன். நைனா படித்துக்கொண்டிருந்த நியூஸ் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். அம்மா போய் ஐந்து வருஷமாக அந்த லைன் வீட்டில் அவர் ஒண்டிதான். "இந்த வீடு ஏழுமலை பேர்ல கீது. நான் அவரு இல்லன்னு நானே எழுதிக் குடுத்து, நாளைக்கு எவனாச்சும் வந்து காலி பண்ணுன்னா இன்னாடா பண்றது? உனுக்கு ஜெர்மனி கீது. எனுக்கு?"

முப்பத்தொரு நாள்

தர்ஷினிக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் அவள் அம்மா கல்யாணப் புடவையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவும் வெட்கம், நைனாவை மறுபடி கேட்கவும் வெட்கம்.

திரும்பி அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "உங்கட ஊரில உங்களுக்கு ரெண்டு அப்பா, ரெண்டு பிள்ளையள். இஞ்ச ஒரு பேப்பர் இல்லை. அம்மா போக இன்னும் முப்பத்தொரு நாள்தான் இருக்கு."

அப்ப நான் யாரு?

சேதி கேட்டு பெரிப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார், ஒரு பை தக்காளியோடு. "இவ்ளோதானா? நான்தான ஏழுமலை. நானே வந்து, இவன் என் ரெண்டாவது பையன், கல்யாணம் ஆவலன்னு கையெழுத்து போட்டுடறேன். தட்சிணா வீட்டுக்கும் சேதாரம் இல்ல" என்றார். கேட்டதும் எனக்கும் அபாரமான யோசனையாகப் பட்டது. என் மூளையின் லட்சணம் அதுதான்.

மூன்று பேரும் நோட்டரியிடம் போனோம். நோட்டரி ஒரு வக்கீலம்மா. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இவர் யாரு பையன்?" என்று கேட்டார். "என் பையன்தான் மேடம்" என்றார் பெரிப்பா, வாய் கூசாமல்.

சுவரோரம் பெஞ்சில் துணைக்கு உட்கார்ந்திருந்த நைனா எழுந்தார். "இல்ல மேடம். அவன் என் பையன். இருபது வருஷம் என் பேரை விட்டுக் குடுத்தேன். என் புள்ளையையுமா விட்டுக் குடுப்பேன்? எழுதிக்குங்க, என் பேரு தட்சிணாமூர்த்தி." அப்புறம் கேஜிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். வீட்டைப் பற்றி அவரே கேட்டார். "அதைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார் வக்கீலம்மா, ஒளிக்காமல். "பரவால்ல, எழுதுங்க" என்றார் நைனா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரிப்பா தக்காளிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மாவுக்கு இதெல்லாம் புதுசில்லை போலிருக்கிறது. அவர்கள் வழக்கப்படி எழுதுகிற வாசகத்தை டைப் பண்ணிப் படித்தும் காட்டிவிட்டார்: 'தட்சிணாமூர்த்தி, ஏழுமலை ஆகிய இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கும்.'

பெரிப்பா மெதுவாகக் கையைத் தூக்கினார். "எல்லாம் சரிதான் மேடம். அப்ப நான் யாரு?"

எஸ் சார்

'ஏழுமலை என்ற பெயரில் வேலை பார்த்த தட்சிணாமூர்த்தி' என்று வாசகத்தை மாற்றி எழுதி, அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் மறுபடி லைனுக்குப் போய், இந்தத் தடவை சரியான ஆளைக் கேட்டு விசாரித்தார். லீவை ஒரு வாரம் நீட்டி, பெங்களூருக்கு நாலு தரம் ரயில் ஏறி இறங்கி, முத்திரையும் வாங்கினேன். நான் விமானம் ஏறும்போது மாமியார் விசாவில் இரண்டு வாரம்கூட மிச்சமில்லை. வீட்டைப் பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் கேட்கட்டும் என்கிறார் நைனா. நான்தான் அந்த ஊர் நம்பரில் போன் வந்தால் 'ஹலோ'வுக்கு முன்னால் 'வீடு கீதா?' என்று கேட்கிறேன்.

கல்யாணத்தன்று பதிவு ஆபீஸில் பூஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அதில் நைனாவும் பெரிப்பாவும், ஆளுக்குப் பாதி முகம். மாமியார் முன்வரிசையில் அந்தப் புடவையில் இருந்தார். அதிகாரி அம்மா எங்கள் விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு வந்தார். எங்கள் பேப்பரில் 'ஏழுமலை என்கிற தட்சிணாமூர்த்தி' என்று இருந்தது. "ஏ...ழு...ம...லை" என்று எழுத்துக் கூட்டினார்.

போனில் நைனா விறைப்பாக நிமிர்ந்து வாயைத் திறந்தார். பழக்கம். பெரிப்பா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "டேய் தட்சிணா, இருடா. அது நானு. உன்து அடுத்தாப்ல வருது."

அடுத்தாற்போல் வந்தது. என் நைனாவின் பெயரை ஒரு ஆபீஸில் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கே நந்திதுர்க்கில் நைனா எழுந்தே நின்றுவிட்டார்; போனில் சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது. அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எஸ் சார்!"

நான் அழுதுவிட்டேன். வேறொன்றுமில்லை, நாயாய் அலைந்து வாங்கிய அந்தக் 'கல்யாணம் ஆகாதவர்' சர்ட்டிபிகேட் கைக்கு வந்த பதினோராம் நாளே பொய்யாகிப் போனதே என்றுதான்.