லோஷினியின் பெயரில் நான் வாங்கிய நட்சத்திரங்கள்

ஐந்து வயதுக் குழந்தையின் பாடங்களை நான் செய்தேன். அவள் செய்ததாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக அவள் அடி வாங்கியபோது வாயைத் திறக்கவில்லை. பத்து வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

இதெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்...

நான் ஓரிடத்தில் தங்குபவன் அல்லன். ரப்பர்த் தோட்டத்தை விற்று எங்களை வெளியேற்றியபோது பதினான்கு வயது, இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் இருந்தேன். அதோடு படிப்பு நின்றது. தாப்பாவிலிருந்து மலைக்குப் போய்வரும் காய்கறி லோரியில் சில வருடம், கிள்ளானில் மூட்டை தூக்கிச் சில வருடம். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வேலை போனால் பையைத் தூக்குவேன், அவ்வளவுதான்.

முப்பத்தாறு வயதில் அப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். சிலிபினில் தங்கை சாந்தியின் அடுக்குமாடி வீடு. அவள் கணவன் போன இடம் தெரியாது. அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை. மகள் லோஷினியைப் பாலர் பள்ளிக்கு அழைத்துப் போவதும், திரும்பக் கூட்டி வந்து சாந்தி வரும்வரை பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பாயின.

பாலர் பள்ளியில் ஸ்டெல்லா டீச்சர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரே எழுத்தை நூறு தடவை எழுதச் சொல்ல மாட்டார். பொருளைக் கையில் கொடுத்து, பிள்ளைகளையே தொட்டுப் பார்க்க விடுவார். ஒரு நாள் எல்லாருக்கும் ஒரு பிளாஸ்டிக் குவளை, ஈரப் பஞ்சு, நாலு பச்சைப்பயறு கொடுத்தனுப்பினார். தினமும் என்ன மாறியிருக்கிறது என்று பிள்ளை பார்த்து வரைந்து கொண்டுவர வேண்டும்.

"நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேணாண்ணே. என்ன மாறியிருக்குன்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டுச் சும்மா இருங்க. நேரம் எடுத்துக்குவா, பரவால்ல," என்றார் டீச்சர்.

சும்மா இருப்பது! வாழ்க்கையில் எனக்கு வராத வேலை அதுதான்.

லோஷினி குவளையை முகர்ந்து பார்ப்பாள். பயறை வெளியே எடுப்பாள், திரும்பப் பஞ்சுக்குள் வைத்து மூடுவாள். அதனிடம் ஏதோ பேசுவாள். அரை மணி நேரம் போகும். தாள் வெறுமையாகவே இருக்கும். மூன்றாம் நாள் ஒரு கோணல் வட்டம் போட்டாள். வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு.

"என்னம்மா இது?"

"இன்னும் தூங்குது மாமா. கால் மட்டும் வெளிய வந்திருச்சு."

வேர்தான் முதலில் வரும் என்பதை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்திருந்தது! நான் என்ன செய்தேன் தெரியுமா? பயறுக்கு ஏது கால் என்று சொல்லி, அழிப்பானை எடுத்து அழித்தேன். பிறகு நானே வரைந்தேன். குழந்தை வரைந்தது போல் நடுங்க வேண்டும் என்பதற்காக இடது கையால் வரைந்தேன்.

மறுநாள் அந்தத் தாளில் டீச்சர் தங்க நிற நட்சத்திரம் ஒன்றை ஒட்டியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் நட்சத்திரம் கொடுத்ததில்லை. கையை நீட்டு என்பார்கள், நீட்டினால் ரோத்தான் பிரம்பு விழும், அவ்வளவுதான். அந்த நட்சத்திரத்தைப் படிக்கட்டில் நின்று நான் விரலால் தடவிப் பார்த்தேன்... சொல்லவே கூசுகிறது. மகிழ்ச்சியாக இருந்தது!

அடுத்த நாளும் நானே வரைந்தேன். அதற்கடுத்த நாளும். பயறு முடிந்து இலைகள் வந்தன, பொத்தான்களை வகை பிரிப்பது வந்தது, தீப்பெட்டிகளில் வீடு கட்டுவது வந்தது. எல்லாம் என் கைதான். ஒரு நாள் அவள் தாளையும் பென்சிலையும் தானாகவே என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க போடுங்க மாமா. உங்களுதுதான் டீச்சருக்குப் புடிக்கும்."

நான் போட்டேன்.

வகுப்பில் அவள் எதையும் தொடாமலானாள். மற்ற பிள்ளைகள் மணலையும் களிமண்ணையும் பிசைந்துகொண்டிருக்க, இவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். டீச்சர் ஒரு நாள் என்னை வாசலில் நிறுத்தினார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்...

"வீட்ல இவ்ளோ நல்லா செய்றா, இங்க ஏண்ணே கையே வைக்க மாட்டேங்குறா? வீட்ல நீங்க எப்படி உக்கார வைக்கிறீங்கன்னு சொல்லுங்களேன். நானும் அப்படியே செஞ்சு பாக்குறேன்."

என்னிடமிருந்து கற்றுக்கொள்ள வந்து நிற்கிறார் ஓர் ஆசிரியை! உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வருமா?

"பிடிவாதம் டீச்சர். மிரட்டினாத்தான் செய்வா," என்றேன்.

அவர் மிரட்டவில்லை. சாந்தியை அழைத்துப் பக்குவமாகத்தான் பேசினார். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த சாந்தியின் காதில் ஒன்றுதான் விழுந்தது: செய்யத் தெரியும், செய்ய மாட்டேன் என்கிறாள். அன்று வீட்டில் ரோத்தான் வெளியே வந்தது. ஒவ்வோர் அடிக்கும் லோஷினி அம்மாவைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள். மாமாதான் வரைந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அடுத்த மாதம் சித்தியவானுக்குப் போனேன். கோழிப்பண்ணை வேலை, பண்ணைக்குப் பின்னால் ஓர் அறை. தோட்டத்தை விட்ட பிறகு நான் அதிக காலம் தங்கிய இடம் அதுதான். பேச ஆளில்லை என்பதால் தங்கினேன் என்று தோன்றுகிறது.

லோஷினிக்குப் படிப்பு ஏறாமல் போனதெல்லாம் என்னால்தானா? பிள்ளைகள் படிக்காமல் போக ஆயிரம் காரணம் உண்டு என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றாம் ஆண்டில் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். இடைநிலைப்பள்ளியில், மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசி வகுப்பில் போட்டார்கள். அதற்கெல்லாம் நானா பொறுப்பு? ஆனால் 'பிடிவாதக்காரி' என்ற பெயர் எங்கு போனாலும் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதை வைத்தவன் நான்.

போன வாரம் சிலிபினுக்குப் போனேன். லோஷினிக்குப் பதினைந்து வயது, படிவம் மூன்று. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றாள். இந்த ஆண்டோடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தன்னோடு தொழிற்சாலைக்குக் கூட்டிப் போகப் போவதாகச் சாந்தி சொன்னாள்.

"தெரியாம இல்லண்ணே, செய்ய மாட்டா லா. அஞ்சு வயசுலயே டீச்சர் சொன்னாங்க. நீங்களும் அப்ப இங்கதானே இருந்தீங்க?"

"ஆமா, இருந்தேன்," என்றேன். சமையலறை வாசலில் நின்றவள் உள்ளே போய்விட்டாள்.

நான் கிளம்பியபோது லோஷினி கீழே வரை வந்தாள். பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். பேருந்து தெரிந்ததும் சொன்னாள்:

"அம்மா நீங்க சொன்னா கேப்பாங்க மாமா."

ஏறிக்கொண்டேன். அவள் நின்ற பக்கம் சன்னலோரம் இடம் இருந்தும் அங்கே உட்காரவில்லை.

பள்ளி ஆண்டு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சாந்தியின் எண் என் கைப்பேசியில் முதல் எண். வேறு யாரையும் நான் அழைப்பதில்லை. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். முகம் தெரியாத உங்களிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது எளிது... நீங்கள் அந்த வீட்டில் இல்லை.