வெள்ளிக்கிழமை இசைத்தட்டு

இல்-பிசார் என்ற புறநகரில் ஒரு வீட்டு வாசலில் பழைய பொருட்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே எங்களிடம் முன்பிருந்த அதே நத்தார் (கிறிஸ்மஸ்) இசைத்தட்டைக் கண்டதும் எடுத்து உறையை முகர்ந்து பார்த்தேன், கற்பூரம் மணக்கவில்லை. எங்களுடையது மணக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் வாழ்ந்த, இப்போது இடித்துவிட்ட பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிவீட்டில், முன்பு குடியிருந்த கிரேக்கக் கிழவர் பிளேயரோடு சேர்த்து விட்டுப்போனது அது. வெள்ளிக்கிழமைகளில் சாமிப் பாட்டைத் தவிர வேறெதுவும் ஒலிக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். "இதுவும் சாமிப் பாட்டுத்தான், யேசுவின்ர" என்று சொல்லி அம்மா அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பிறகென்ன, எங்கள் வீட்டில் ஆடி வெள்ளியிலும் நத்தார்தான். விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, ஊசியை இறக்கினால், உறையில் படிய வாரிய தலையோடு சிரிக்கும் அந்த ராக் அண்ட் ரோல் காலத்துப் பாடகன் குழைந்து குழைந்து பாடுவான், அம்மாவின் தையல் மெஷின் தடதடவென்று தாளம் போடும், வேலையால் வந்த அப்பா திருநீறு பூசிக் கண்மூடி நிற்பார்.

பள்ளியில் ஆங்கிலம் பிடிபட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது: அவன் யேசுவை அழைக்கவில்லை, நத்தாருக்காவது திரும்பி வா என்று ஒருத்தியைக் கெஞ்சுகிறான். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் எங்கள் வெள்ளிக்கிழமை ஊமையாகிவிடும்.

இன்று அந்த உறையோடு நின்றபடியே அம்மாவுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன்.

"ஓம், எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "நீ அப்பாட்டைச் சொல்லிப்போடுவியோ எண்டுதான் பயந்துகொண்டிருந்தனான்."