காதுக்குள் ஓடிய ரோலர்

பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் செல்லத்துரை இருபது வருஷத்துக்கு மேலாக ரோலர் ஓட்டினார். வாடிய கொழுந்தை நசுக்கி உருட்டும் இரும்பு மெஷின் அது. அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வார்கள். செல்லத்துரைக்கு அது தோதாகத்தான் இருந்தது. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

காதுக்குள் சத்தம் எப்போது தொடங்கியது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஷிப்ட் முடிந்து தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வந்த பிறகும் 'ஙொய்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். குளித்தால் போய்விடும், தூங்கி எழுந்தால் போய்விடும் என்று இருந்தார். ஆரம்பத்தில் போகவும் செய்தது. பிறகு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. டிவியைச் சத்தமாக வைத்தால் கொஞ்சம் அமுங்கியது. ஆகவே வீட்டில் டிவி எந்நேரமும் அலறியது. மனைவி சித்ராவுக்குக் காரணம் தெரியாது. வயசான காலத்தில் மனுசனுக்கு நாடகப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

தேனியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் முத்துப்பேச்சி ஒரு மத்தியானம் போன் செய்தாள். செல்லத்துரைதான் எடுத்தார். அவள் ஏதோ சொன்னாள். இவர் வழக்கம்போல, "சரிம்மா, சரிம்மா. அம்மா கொழுந்தெடுக்கப் போயிருக்கா, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் சித்ரா திரும்பக் கூப்பிட்டபோது மகள் அழுதாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து முழுகாமல் இருக்கிறாள். அதை முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

சித்ரா போனை வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"புள்ள சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேக்கலட்டி."

"கேக்கலைன்னா திருப்பிக் கேக்க வேண்டியதுதான?"

"எத்தன தடவ கேக்க? ஒவ்வொருத்தர்ட்டயும் எத்தன தடவதான் கேக்க?"

அன்றுதான் காதுக்குள் ஓடும் சத்தத்தைப் பற்றி அவர் முதன்முதலாக வாய் திறந்தார். சித்ரா அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் இரண்டு காதையும் சோதித்தார். கேட்கும் சக்தி குறைந்திருக்கிறது, அதற்குக் கருவி வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரைச்சலைப் போக்க மருந்து கிடையாது, அதோடு பழகத்தான் வேண்டும் என்றார். பழகுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே லிஜி என்று ஒரு கவுன்சிலர் இருந்தாள். கோட்டயத்துக்காரி. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினாள்.

"காலைல எழுந்து அஞ்சு மினிட் சும்மா இருந்தா மதி, அது போதும், சேட்டா. கண்ண அடச்சு, மூச்சு போறதும் வர்றதும் மட்டும் நோக்கணும். தியானம்னு பயப்பட வேண்டா. வேற ஒண்ணும் செய்யண்டா."

சும்மா இருப்பதில் என்ன கஷ்டம் என்று செல்லத்துரை நினைத்தார். மறுநாள் காலை, சித்ரா அடுப்படியில் இருக்கும்போது, டிவியை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். மூடியதுதான் தாமதம், மொத்தத் தொழிற்சாலையும் தலைக்குள் வந்து இறங்கியது. மூச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. எழுந்துபோய் டிவியைப் போட்ட பிறகுதான் ஆசுவாசமானது. இன்னும் சில நாள் முயன்று பார்த்தார். எல்லா நாளும் அதே கதை.

அடுத்த முறை போனபோது லிஜியிடம் சொன்னார். "ஒங்க வைத்தியம் நமக்கு ஆகாதும்மா. சும்மா இருந்தா சத்தம் கூடுது."

"கூடுறது இல்ல, சேட்டா. அது எப்பவும் அவ்வளவு உண்டு. நீங்க டிவி போட்டு மூடி வெச்சிருந்தீங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "மூச்ச நோக்குறத விட்டுருங்க. அந்தச் சத்தத்தயே கேளுங்க. அத தொரத்த வேண்டா. மழ பெய்யுறத கேட்டுட்டு இருப்போமில்ல, அது மாதிரி."

தப்பிக்க வழி கேட்டால் அதையே உட்கார்ந்து கேட்கச் சொல்கிறாளே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. பஸ்ஸில் சித்ராவிடம் முணுமுணுத்தபடியே வந்தார். ஆனாலும் மறுநாள் காலை உட்கார்ந்தார்.

பல காலம் மெஷினைக் காதாலேயே கண்காணித்த மனிதர். கேட்கத் தொடங்கியதும் அது ஒரே சத்தம் இல்லை என்று தெரிந்தது. இடக்காதில் கம்பிபோல மெலிதாக ஒன்று. அதற்கு அடியில் முனகலாக இன்னொன்று. அவை ஏறின, இறங்கின. நடுவே நினைப்பு மகளிடம் போனது, போனஸுக்குப் போனது, முழங்கால் வலிக்குப் போனது. போயிருந்ததே பிறகுதான் உறைத்தது. அந்த இடைவேளையில் சத்தத்தைத் தான் கேட்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. காது அங்கேயேதான் இருந்தது, சத்தமும் இருந்திருக்கும். ஆனால் அவர் அங்கே இல்லை. இதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"தூங்குதீகளா?" என்று சித்ரா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லட்டி. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

சத்தம் போகவில்லை. ஆனால் அதைக் கண்டு வந்த பயம் மெல்ல மெல்லக் குறைந்தது. டிவியை அணைத்துவிட்டுப் படுக்க முடிந்தது, தூக்கமும் வந்தது. போனில் மகளிடம், "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லு தாயி, அப்பாவுக்குக் காது மந்தம்" என்று கூச்சமில்லாமல் சொல்லவும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொன்ராஜ் மண்வெட்டி இரவல் வாங்க வந்தான். அதே ரோலரில் கூட நிற்பவன். செல்லத்துரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, சாமியாராப் போகப் போறீகளா?"

செல்லத்துரை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பொன்ராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் எடுத்திருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றான்.

"ஒங்களுக்குமா?" என்றான். "எனக்கும் கொஞ்ச காலமா இருக்கு. ஊட்ல சொல்லல. தலைக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

இருவரும் ஒரே மெஷினில் எதிரெதிராக நின்றவர்கள். கொழுந்து போதும், பெல்ட் தளர்ந்திருக்கிறது, டீ வந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் சைகை வைத்திருந்தவர்கள். இதற்கு மட்டும் ஒரு சைகை இல்லாமல் போயிருந்தது.

அவர்கள் விசாரித்தபோது இன்னும் சிலர் ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து போய் மேனேஜரைப் பார்த்தார்கள். கொஞ்சம் இழுத்தடித்தாலும், காதை மூடும் கவசங்கள் வந்தன. இளவட்டங்கள் பாதி நேரம் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். செல்லத்துரையைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இப்போதும் பெரும்பாலான காலைகளில் உட்காருகிறார். சில நாள் சத்தம் தாங்க முடியாமல் எழுந்துபோய் விறகு பிளக்கிறார். அதை லிஜியிடம் சொன்னபோது, அதுவும் நல்லதுதான் என்றாள். ஞாயிறுகளில் பொன்ராஜும் வந்து பக்கத்தில் உட்காருகிறான். கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போய்க் குறட்டை விடுகிறான். அந்தக் குறட்டை செல்லத்துரைக்கு நன்றாகவே கேட்கிறது. அவர் அவனை எழுப்புவதில்லை.