அண்ணாந்து பறித்த ஏலக்காய்

எங்கள் குழுவில் ஐந்து பேர். நான் பாடுவேன், பாட்டும் கட்டுவேன், வண்டியும் ஓட்டுவேன். என் மனைவி பின்பாட்டு. பம்பைக்கு ஒருவர், தவிலுக்கு ஒருவர், உருமிக்கு ஒருவர். மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊர் பெருமாட்டியிலிருந்து கிளம்பினால் சித்தூர் தாலுகா முழுக்கச் சுற்றுவோம். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போவோம். கூப்பிட்டால் மலையேறி இடுக்கி எஸ்டேட்டுகளுக்கும் போவோம். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். எந்தக் கட்சி என்று கேட்பதில்லை, மைக் நன்றாக இருக்குமா என்று மட்டும் கேட்போம்.

பாட்டுக் கட்ட எனக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைதான் சரிப்படும். வீட்டில் உட்கார்ந்தால் வரி வராது, கொட்டாவிதான் வரும். பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதி, வண்டியிலேயே மெட்டுப் போட்டு, முதலில் மனைவியிடம் பாடிக் காட்டுவேன். அவள் ஒரு புருவத்தைத் தூக்கினால் அந்த வரி போச்சு. இரண்டையும் தூக்கினால் பாட்டே போச்சு. இத்தனை வருடத்தில் எத்தனை நல்ல பாட்டுகளை அந்தப் புருவம் தீர்த்துக் கட்டியிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும். அவை நல்ல பாட்டுகள்தானா என்று என்னிடம் கேட்கக் கூடாது.

அவளுக்குப் பிறந்த ஊர் இடுக்கி மலையில் சக்குபள்ளம். அவள் அம்மா, அதாவது என் அத்தை, அங்கே முப்பது வருடமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து அத்தை என் பாட்டை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்க மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. நாங்கள் அந்தப் பக்கம் பாடப் போனால் அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். மருமகன் என்ன பண்ணுகிறார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "வண்டி ஓட்டுறாரு" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் எனக்கு வலிக்கும். ஊர் ஊராகக் கைதட்டு வாங்கியும் இந்த ஒரு அம்மாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே மலையிறங்குவேன்.

போன வருடம் சக்குபள்ளத்து மாரியம்மன் திருவிழாவுக்கே எங்களைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குப் பாட்டு. தோட்டம் லீவு, மேடையோ அத்தை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இந்த முறை அவரால் தப்ப முடியாது. அத்தையை வைத்தே ஒரு பாட்டுக் கட்டி, அவர் முன்னாலேயே பாடி, அந்த நல்ல வார்த்தையை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவிக்கும் அது திடீர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவளிடம் பாடிக் காட்டவில்லை. பம்பைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் பெருமாட்டிக்காரர்.

"ரொம்ப ஒசத்தியான பாட்டுங்ண்ணா" என்றார் அவர். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மேடையேறினோம். மூன்றாவது வரிசையில் அத்தை, மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருடன் காய் எடுக்கிற பெண்கள். நான் குரலைத் தூக்கினேன்.

"அண்ணாந்து கை நீட்டி ஆகாசம் தொட்டு நின்னு
ஏலக்காய் பறிக்கிறவ எம்புட்டு ஒசரமடி!"

பின்பாட்டுக்காரி வழக்கப்படி வாங்கிப் பாட வேண்டும். 'அண்ணாந்து' வரை பாடினாள். அதற்குமேல் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள். அதற்குள் கூட்டத்தில் சிரிப்பு வெடித்துவிட்டது.

"அண்ணே, எந்தத் தோட்டத்துலண்ணே காயி மேல காய்க்குது? எங்களையும் அங்கிட்டுச் சேத்து விடுங்கண்ணே!" என்று கத்தினாள் ஒருத்தி.

"ஏணிய எடுத்துட்டு வாங்கடி!" என்றாள் இன்னொருத்தி.

பம்பைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "ஏனுங்ண்ணா, ஏலக்காய் கீழயா காய்க்குமுங்க?" என்று கேட்டார். ரகசியமாகத்தான் கேட்டார், ஆனால் மைக்குக்கு முன்னால் கேட்டார்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெருமாட்டியில் காய் என்றால் மேலேதான். தேங்காய் மேலே, மாங்காய் மேலே, புளியங்காய் மேலே. நிலக்கடலை மட்டும் மண்ணுக்குள்ளே கிடக்கும், ஆனால் அதை யார் காய் என்று சொல்கிறார்கள்? ஏலச்செடியோ ஜீப்பிலிருந்து பார்த்தால் ஆளை மறைக்கிற உயரம். மருமகனைத் தோட்டத்துக்குள் விட்டால்தானே மீதி தெரியும்? போனால் நாற்காலி போட்டுக் பாலில்லாத கட்டன்காப்பி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். இவ்வளவு பெரிய செடி, காயை மட்டும் தூரில் விட்டு, மண்ணோடு படர்கிற சரத்தில் ஒளித்து வைத்திருக்கும் என்று கண்டேனா? நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் அதை எடுக்க வேண்டுமாம்.

எப்படியோ பாடி முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி, மேடையிலிருந்து இறங்கும்போது.

"கேட்டிருந்தா நீ ரெண்டு புருவத்தையும் தூக்கியிருப்பே."

"இதுக்கு ரெண்டு பத்தாது" என்றாள்.

நாங்கள் அத்தை வீட்டில் சாப்பிட உட்கார்வதற்குள் யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் பெருமாட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணாந்து சாப்பிடுகிறாயா, குனிந்து சாப்பிடுகிறாயா என்று என் தம்பி போன் போட்டுக் கேட்டான். அத்தை பரிமாறினார், மீன் போதுமா என்று மட்டும் கேட்டார். அவரை அவர் ஊரில் வைத்தே சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டோமே என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். நல்ல வார்த்தை இனி இந்த ஜென்மத்தில் கிடையாது என்று நினைத்தேன்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த வரிகளை மாற்றி எழுதினேன். அத்தை வேலைக்குக் கிளம்பி, காய் போடுகிற பையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் வருகிற நேரம்.

"அத்தை, நேத்து தப்பாப் பாடிட்டனுங்க. இப்பச் சரி பண்ணிட்டனுங்க, கேளுங்க" என்று சொல்லிப் படித்தேன்.

"மண்பாத்துக் குனிஞ்சிருந்து மழையில நனைஞ்சிருந்து
ஏலக்காய் எடுக்கிறவ எம்புட்டு பொறுமையடி!"

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருவம் அசையவில்லை. அத்தை பையின் முடிச்சை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது வேணாம் மாப்ள" என்றார். "குனியிறதுக்குத்தான் தெனமும் போறேனே. முப்பது வருசத்துல என்னைய யாரும் நிமுத்தி நிக்க வச்சதில்ல. நேத்து நீங்க வச்சீக. நீங்க பாடப் பாட எனக்கு நெசமாவே அப்படி இருந்துச்சு. மொதல்ல பாடுனதையே பாடுங்க."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கையிலிருந்த தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, 'அண்ணாந்து கை நீட்டி' என்று பழையபடியே ஆரம்பித்தேன்.